தலையணைக்கு அடியில் வைத்த பணம்

கேள்வி:

அம்மா, நானும் என் கணவரும் 12 வருடமாக ஜார்க்கண்டில், ராஜ்மகால் மலைப்பகுதியில் மால்டோ பழங்குடி மக்கள் நடுவே மிஷனெரிகளாக இருக்கிறோம். பெரியவளுக்கு 12 வயது, சின்னவனுக்கு 8. இரண்டு வருடம் கழித்து இப்போது விடுமுறையில் மதுரைக்கு வந்து மாமியார் வீட்டில் தங்கியிருக்கிறோம். வந்த நாளிலிருந்து கூட்டம், சாட்சி, வீடு சந்திப்பு என்று ஒரே ஓட்டம். நடுவில் நான்கு நாள், எங்களோடு பயிற்சி பெற்ற ஒரு மிஷனெரி குடும்பத்தைப் பார்க்கப் போனோம். வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் அந்த அண்ணனும் அக்காவும் கிராம ஊழியம் செய்கிறார்கள். முதல் நாள் கோழி, மறுநாள் அயிரை மீன் குழம்பு. கட்டிலும் ஃபேனும் இருக்கிற ஒரே அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு அவர்கள் திண்ணையில் படுத்துக்கொண்டார்கள். ரொம்ப நாளுக்கு அப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தேன். நான்கு ராத்திரியும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

கிளம்புகிற அன்று தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனபோது மளிகைக்கடைப் பற்று நோட்டு திறந்து கிடந்தது. நாங்கள் இருந்த நான்கு நாள் செலவும் அதில் வரிசையாக இருந்தது. அவர்களுக்கும் எங்களுக்கும் ஏறக்குறைய ஒரே மாதப் படிதான். எனக்கு மனசு தாங்கவில்லை. என் கணவர் 2,000 ரூபாய் கொடுக்கப் போனார், அண்ணன் வாங்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தோம். அன்று ராத்திரியே ஜிபேயில் திருப்பி அனுப்பிவிட்டு, "நம்ம வீட்டுல லாட்ஜ் வாடகை வாங்குறதில்ல தம்பி" என்று ஒரு வரி போட்டிருந்தார். அதிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அக்கா மட்டும், "அடுத்த மாசம் இங்க சபையில அசன விருந்து, கண்டிப்பா வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மாமியார், "விருந்தும் மருந்தும் மூணு நாளு, நீங்க நாலு நாள் இருந்ததே தப்பு" என்கிறார். சபையில் ஒருவர், "லீவுக்கு வந்தா ஊழியக்காரங்களுக்கு வீடு வீடா விருந்துதான்" என்று என் காதுபடச் சொன்னார்.

வசதி இல்லாதவர்கள் வீட்டில் போய் நான் இத்தனை சந்தோஷமாக இருந்தது தப்பா? மறுபடி போகலாமா? அக்கா கட்டுச்சோறு போட்டுக் கொடுத்த தூக்குவாளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. சின்னவனுக்கு வேறு காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது.

ஒரு சகோதரி, மதுரை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை, குடும்ப ஆலோசகர். ஆனாலும் வடக்கே ஊழியம் செய்கிற குடும்பங்களோடு பல வருடம் பேசிப் பழகியதில் ஒன்று தெரியும். நீங்கள் இருப்பது மலேரியா உள்ள மலை. மலேரியாவில் ஒரு வகை கல்லீரலில் பதுங்கியிருந்து பல மாதம் கழித்துக்கூடத் திரும்பி வரும். சாகிப்கஞ்ச், பாகூர், கொட்டா, தும்கா மாவட்டங்களில் மணல் ஈ கடித்து வருகிற காலா அசார் காய்ச்சலும் உண்டு. மதுரையில் ஒரு டாக்டரிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனால் அவர் டெங்குவை நினைப்பார், டைபாய்டை நினைப்பார். காலா அசார் அவர் நினைப்பில் வருவதற்கு இந்த ஊரில் காரணமே இல்லை. எங்கிருந்து வருகிறோம் என்று நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். நாளைக்கே போங்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அசனத்துக்குப் போங்கள். பையனுக்கு உடம்பு சரியானதும் நான்கு பேருமாகப் போங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, "நான்கு ராத்திரியும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்" என்ற வரியைத்தான். பற்று நோட்டைப் பற்றி நீங்கள் இத்தனை எழுதியிருக்கிறீர்கள், தூக்கத்தைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என்னிடம் பேச வருகிற மிஷனெரி குடும்பத்துப் பெண்கள் நிறையப் பேர் விடுமுறையில்தான் அதிகம் களைத்துப் போகிறார்கள். பெயர்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஒரு சபையில் சாட்சி சொல்ல வேண்டும். கேட்பவர்கள் கண் கலங்க வேண்டும், ஆனால் சோர்ந்து போனவளாகவும் நீங்கள் தெரியக் கூடாது. மத்தியானம் ஒரு வீட்டில் சாப்பாடு. அங்கே உங்கள் மகளை நிற்கவைத்து, "இந்தியில ஒரு பாட்டுப் பாடு, மால்டோவுல ஒரு வசனம் சொல்லு" என்பார்கள். சாயங்காலம் சொந்தக்காரர்கள் வந்து, "எப்ப ஊரோட வரப் போறீங்க, பிள்ளைக படிப்பு என்னாகுறது" என்று கேட்பார்கள். மாமியார் வீட்டில் நீங்கள் மருமகள். காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்திருக்க வேண்டும். கேட்கிறவர்கள் எல்லாருக்கும் உங்கள் மேல் அன்பு இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அன்புக்கு முன்னால் நீங்கள் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்கிறீர்கள்.

சிறுமலை அடிவாரத்து வீட்டில்தான் உங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. அந்த அக்காவிடம் நீங்கள் எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்திருக்காது. மாதாந்தர அறிக்கையில் எழுத ஒன்றும் இல்லாத மாதம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் மூன்று நாள் கிராமங்களுக்குப் போய்விட, காய்ச்சல்காரப் பிள்ளையோடு தனியாக இருக்கிற ராத்திரி எப்படி இருக்கும் என்றும் தெரியும். பிள்ளைகளும் அங்கே யாருக்கும் பாட்டுப் பாடிக் காட்டியிருக்க மாட்டார்கள். புழுதியில் விளையாடிவிட்டு வந்து சோறு கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் மகளின் தமிழில் மால்டோ வாடை அடித்தால்கூட அந்த வீட்டில் அது பேச்சாகியிருக்காது. (மால்டோவும் நம் தமிழும் ஒரே திராவிடக் குடும்பத்து மொழிகள் என்பதை யாராவது அவளிடம் சொல்லியிருக்கிறார்களா? இல்லையென்றால் சொல்லுங்கள். தான் எங்கேயோ அந்நியத்தில் வளர்ந்துவிட்டோம் என்று நினைக்கிற பிள்ளைக்கு அது நல்ல செய்தி.)

சிறுமலை என்று படித்ததும் ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. 1834-ல் அமெரிக்க மிஷனெரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து வேலையைத் தொடங்கினார்கள். காலராவும் காய்ச்சலும் அவர்களில் பலரைக் கொண்டுபோயின. மூச்சுவிட ஒரு இடம் தேடி முதலில் ஏறியது சிறுமலைக்குத்தான். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அப்புறம் பழனி மலையில் இன்னும் மேலே போய், 1845-ல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடு கட்டினார்கள். இன்றைக்கு நாம் சுற்றுலா போகிற கொடைக்கானல் தொடங்கியது அந்த இரண்டு வீட்டில்தான். அப்போது மோட்டார் ரோடு கிடையாது. நடந்தும், மட்டக்குதிரையிலும், ஆட்கள் சுமந்த டோலியிலும் ஏறினார்கள். சுமந்தவர்களின் தோளை நினைத்தால் அந்தக் காட்சி எனக்கு அத்தனை இனிப்பாக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு விஷயம் அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஆளுக்கொரு ஊரில் தனியாகக் கிடந்தால் குடும்பங்கள் தாங்காது, வருடத்தில் சில வாரமாவது ஒரே வேலையில் இருக்கிறவர்கள் ஒன்றாக இருக்க வேண்டும். இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் மொழி தெரியாத மலைகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்காக யாரும் மலை மேல் வீடு கட்டி வைக்கவில்லை. ஒரு கட்டிலும் ஒரு ஃபேனும் உள்ள அக்கா வீடுதான் உங்களுக்கு அது. அதை நீங்கள் பறிகொடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"நமக்குச் சந்தோஷம்தான், அவர்களுக்குக் கடன்தானே" என்று உங்களுக்குத் தோன்றும். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பா உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் சபையைக் கவனிக்கிற உபதேசியாராக இருந்தார். சம்பளம் மாதக் கடைசி வரை வராது. தை அறுப்பு முடிந்த கையோடு, வருடம் தவறாமல் இன்னொரு உபதேசியார் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வரும். ஐந்து பேர். அம்மா பக்கத்து வீட்டில் அரிசி கைமாற்று வாங்குவாள். வளர்த்த கோழியை அடிப்பாள். அவர்கள் போன பிறகு எங்களுக்கு இரண்டு மூன்று நாள் கம்பங்கூழ்தான். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு தடவை கோபத்தில், "இவங்க எதுக்கும்மா வருசா வருசம் வர்றாங்க?" என்று கேட்டேன். அம்மா கூழைக் கரைத்துக்கொண்டே, "அவ வந்துட்டுப் போறதுலதான்டி நான் இந்த ஊர்ல ஒரு வருசம் இருக்கேன்" என்றாள்.

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. இந்த வேலைக்கு வந்து, அம்மாவைப் போன்ற எத்தனையோ பேர் எதிரே உட்கார்ந்து பேசக் கேட்ட பிறகுதான் விளங்கியது. ஊரில் எல்லாப் பெண்களும் தங்கள் பாரத்தை உபதேசியார் அம்மாவிடம் கொண்டுவந்து இறக்குவார்கள். உபதேசியார் அம்மா தன் பாரத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவாள்? வீட்டுக்காரரோடு சண்டை என்று யாரிடம் சொல்வாள்? அந்தக் குடும்பம் வந்து தங்குகிற மூன்று நாள் ராத்திரியும் அடுப்படியில் விளக்கு அணையாது. இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுவார்கள், திடீரென்று சிரிப்பார்கள், சில நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்கும். அம்மா அப்படிச் சிரித்து வேறு எந்த நாளிலும் நான் கேட்டதில்லை.

அந்த அக்காவும் உங்களோடு சேர்ந்து சிரித்தார்கள் அல்லவா? உங்கள் கடிதத்தில் அந்தப் பாதி இல்லை. நீங்கள் வாங்கியதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். இப்படி யோசித்துப் பாருங்கள். உங்கள் மலைக்கு ஒரு தமிழ்க் குடும்பம் ஏறி வந்தால் என்ன செய்வீர்கள்? சந்தையில் கடன் சொல்லியாவது கோழி வாங்குவீர்கள். அவர்கள் போகிற அன்று தலையணைக்கு அடியில் பணம் இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

அந்தப் பணத்தைப் பற்றி. உங்கள் வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. நோட்டைப் பார்த்த மனசு பதறியது, அவ்வளவுதான். ஆனால் அண்ணன் ஏன் அத்தனை காரமாக எழுதினார் என்பதும் எனக்குப் புரிகிறது. திருநெல்வேலியில் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்ற வி. எஸ். அசரியா, 1910-ல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பதுதான் அவர் கேட்டது. பொருள் கொடுப்பது சுலபம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அண்ணனுக்குப் பட்ட அடியும் அதே இடத்தில்தான். நண்பன் வந்திருக்கிறான் என்று கோழி அடித்தவருக்கு, வந்தவன் கணக்கு முடித்துவிட்டுப் போய்விட்டான் என்று ஆகிவிட்டது.

நம் பக்கத்தில் இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது. உங்களுக்கும் தெரிந்ததுதான், பதற்றத்தில் மறந்துவிட்டீர்கள். வரும்போது கொண்டு வருவதை யாரும் மறுப்பதில்லை. அது உலையில் போய்விடும், எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். போகும்போது பெரியவர்கள் கையில் பணம் கொடுத்தால்தான் அது கூலியாகத் தெரிகிறது. பிள்ளைகள் கையில் நூறோ இருநூறோ வைத்தால், "எதுக்கு இதெல்லாம்" என்று ஒரு பேச்சுக்குச் சொல்வார்களே தவிர, திருப்பித் தர மாட்டார்கள். மாமாவும் அத்தையும் பிள்ளை கையில் வைக்கிற காசை மறுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

அதனால் இந்த முறை அரிசியும் எண்ணெயும் பருப்பும் புளியும் கையோடு கொண்டு போங்கள். போய் இறங்கியதும் நேராக அடுப்படியில் வைத்துவிடுங்கள். கூடத்தில் அண்ணன் முன்னால் வைத்துப் பேச்சாக்க வேண்டாம், அக்கா கையில் கொடுங்கள். அவர்கள் முறைத்தால், "அத்தை கொடுத்துவிட்டாங்க, திருப்பிக் கொண்டு போனா என்னைத்தான் திட்டுவாங்க" என்று சொல்லுங்கள். சொல்வது உண்மையாக இருக்க வேண்டுமென்றால், முன்கூட்டியே மாமியாரிடம் கேட்டு அவர் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அசனத்துக்குக் கூப்பிட்டதில் அக்காவின் சாமர்த்தியமும் தெரிகிறது, கவனித்தீர்களா? அன்று அவர்கள் வீட்டில் உலையே ஏறாது. ஊர் முழுவதும் கோயில் வளாகத்தில் பந்தியில் உட்காரும். அரிசி கொடுக்கிறவர்கள் அரிசி கொடுப்பார்கள், ஆட்டுக்குப் பணம் போடுகிறவர்கள் போடுவார்கள். யார் எவ்வளவு கொடுத்தாலும் அசனக் கணக்கில் வாங்கிக்கொள்வார்கள். அந்த 2,000 ரூபாய் உங்களை உறுத்திக்கொண்டே இருந்தால், அசன அரிசிக்கு என்று கொடுத்துவிடுங்கள். அண்ணனால் அதை ஜிபேயில் திருப்பி அனுப்ப முடியாது. அதனால் அவர்கள் வீட்டுப் பற்று குறையாது என்பது எனக்குத் தெரியும். அதற்குத்தான் மளிகைச் சாமானைக் கையோடு கொண்டு போகச் சொன்னேன்.

பற்று நோட்டைப் பார்த்ததை மட்டும் சொல்லாதீர்கள். அக்காவிடமும் வேண்டாம், அண்ணனிடமும் வேண்டாம். நீங்கள் தேடிப் போய்ப் படிக்கவில்லை, திறந்து கிடந்தது. ஆனால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால், இனி நீங்கள் வருகிற ஒவ்வொரு தடவையும் அக்கா அந்த நோட்டை ஒளித்து வைக்க வேண்டியிருக்கும். கிராமத்தில் மாதச் சம்பளக்காரர்கள் வீடுகளில் பற்று நோட்டு சாதாரணம். ஒன்றாம் தேதி பிறந்ததும் அடைத்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்குவார்கள். பாரம் இல்லை என்று சொல்ல வரவில்லை. நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அது அழிவும் இல்லை.

வேதாகமத்தில் எலிசா தீர்க்கதரிசிக்கு வீட்டு மாடியில் அறை கட்டிக் கொடுத்த சூனேம் ஊர்ப் பெண்ணை இந்த மாதிரி நேரங்களில் நினைப்பேன். கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, என் ஜனத்தின் நடுவே சுகமாய்க் குடியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். எலிசா அங்கே பணம் வைத்துவிட்டுப் போகவில்லை. திரும்பத் திரும்ப வந்து தங்கினார். அந்த வீட்டில் எது இல்லை என்று தன் வேலைக்காரன் கேயாசியிடம் விசாரித்து, பிள்ளை இல்லை என்று தெரிந்துகொண்டார். நீங்களும் அந்த வீட்டில் எது இல்லை என்று பாருங்கள். என் ஊகத்தைச் சொல்கிறேன். அண்ணனும் அக்காவும் பிள்ளைகள் இல்லாமல் ஒரு நாள் நிம்மதியாக இருந்து வருடக் கணக்காகியிருக்கும். அசனம் முடிந்து திரும்பும்போது அவர்கள் பிள்ளைகளை உங்களோடு மதுரைக்குக் கூட்டி வந்துவிடுங்கள். மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். காந்தி மியூசியம், நாயக்கர் மகால், சாயங்காலம் ஒரு ஜிகர்தண்டா. பெரிய செலவு இல்லை. அப்புறம் அண்ணன் வந்து கூட்டிப் போகட்டும். அவரும் உங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

போகிற இடத்தில் இரண்டு ராத்திரி போதும். எத்தனை பேர், எத்தனை நாள், எந்த பஸ் என்று முன்னாலேயே அக்காவிடம் சொல்லிவிடுங்கள். அரைப் பரீட்சையோ யாருக்காவது உடம்பு முடியாமலோ இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். அவர்கள் வாயிலிருந்து அது வராது. அசனத்துக்கு முந்தின நாள் ராத்திரிச் சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்க்கண்டில் வறுத்த கடலையை அரைத்து சத்து என்பார்களே, அது கையில் இருந்தால் கோதுமை மாவுக்குள் வைத்து உருட்டி லிட்டி சுட்டு, கத்தரிக்காயையும் தக்காளியையும் தணலில் வாட்டிப் பிசைந்து சோக்கா செய்து போடுங்கள். இல்லையென்றால் பொட்டுக்கடலையிலும் ஓரளவு வரும். அக்காவை மணை போட்டு உட்காரவைத்துவிட்டு நீங்கள் பரிமாறுங்கள்.

இன்னொரு விஷயம், இது உங்கள் வீட்டுக்காரருக்கும் சேர்த்து. இப்படிச் சந்திக்கும்போது ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து நடுராத்திரி வரை சங்கத்து விஷயம் பேசுவார்கள், பெண்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பார்த்த வீடுகளில் பாதி இப்படித்தான். தண்ணீர் தூக்குவது, பாத்திரம் தேய்ப்பது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது எல்லாவற்றையும் இரண்டு நாளைக்கு ஆண்களிடம் விட்டுவிடுங்கள். அடுத்தது, அந்த வீட்டில் அக்கா மனசு விட்டுச் சொன்னது எதுவும் வேறு வீட்டில் ஜெபக் குறிப்பாக வெளியே வரக் கூடாது. ஜெபத்துக்காகச் சொல்கிறேன் என்று தொடங்கி ஊர் முழுக்கப் பரவிய கதைகளால் உடைந்த நட்புகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இதில் நான் கண்டிப்பானவள்.

உங்கள் வீட்டுக்காரர் அண்ணனுக்குப் போன் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் செய்தி வேண்டாம், குரல் கேட்க வேண்டும். "அண்ணே, அன்னைக்குப் பணம் வச்சது தப்புதான். உங்களுக்குச் செலவு வச்சுட்டமேன்னு மனசு கேக்கல. மன்னிச்சிருங்க. அசனத்துக்கு வர்றோம்." இவ்வளவு போதும். அதற்கு மேல் விளக்கம் சொல்லப் போனால் பேச்சு மறுபடியும் பணத்துக்கே போய் நிற்கும். அண்ணனும் இந்தப் போனுக்காகக் காத்துக்கொண்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தம்பி என்று எழுதியிருக்கிறார் பாருங்கள், கோபத்திலும் அந்த முறையை அவர் விடவில்லை.

மாமியார் சொல்வதை எதிர்த்துப் பேச வேண்டாம். மூன்று நாள் கணக்கு விருந்தாளிக்குச் சரிதான். இரண்டாம் நாளிலிருந்து அடுப்படியில் நிற்கிறவளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, அவ்வளவே. சாமான் கட்டிக் கொடுக்கும்போது அவரிடம், அவருடைய காலத்தில் யார் யார் வீட்டுக்கெல்லாம் போய்த் தங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கதை வரும்.

சபையில் பேசிய அந்த மனிதருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் பேச்சு உங்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, அதுதான் எனக்குக் கவலை. மிஷனெரி என்றால் கஷ்டப்படுகிறவர், கஷ்டத்தைச் சொல்லி அழ வைக்கிறவர் என்று நம் சபைகளில் பலர் பழகிவிட்டோம். சிரித்துக்கொண்டு கோழிக்குழம்பு சாப்பிடுகிற மிஷனெரியைப் பார்த்தால் நாம் கொடுத்த காணிக்கை எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றுகிறது. இந்தப் பழக்கத்தால் எத்தனை பேர் விடுமுறையில்கூடச் சந்தோஷத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. நீங்கள் சிரித்ததற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

தூக்குவாளியை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள், நீங்களே கொண்டு போங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். எள்ளுருண்டையோ அதிரசமோ போட்டு நிரப்புங்கள். திரும்பி வரும்போது அக்கா அதிலேயே எதையாவது போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பையனின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். மற்ற இடங்களில் தூக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். மலைக்குத் திரும்புவதற்கு முன் அதைப் பற்றி உங்களோடு தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும்.